அக்காவைக் காணவில்லை, அத்தான் மேல் சந்தேகம்: புகாரில் அப்படியே எழுதிக் கொடுக்கலாமா?

இளையவள்:

என் அக்காவைக் காணவில்லை. இன்றோடு 19 நாள். சண்டை போட்டுக்கொண்டு அவளாகவே வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்கிறார் அத்தான். காணவில்லை என்று புகார் கொடுத்ததும் அவர்தான், அதுவும் ஆறாவது நாள். காவல் நிலையத்தில் கேட்டால், "குடும்பச் சண்டைதானே, கோபம் தணிந்ததும் வந்துவிடுவார்" என்று அனுப்பிவிட்டார்கள். முதல் வாரம் நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது முடியவில்லை.

அக்காவுக்குப் பார்வை மிக மோசம். வலது கண் மைனஸ் ஏழு, இடது அதற்கும் மேல். கண்ணாடி இல்லாவிட்டால் நீட்டிய கையின் விரல்களே அவளுக்குத் தெரியாது. காலையில் கண் விழித்ததும் தலைமாட்டைத் துழாவித்தான் எழுந்திருப்பாள். அவளிடம் இருப்பது இரண்டே கண்ணாடி. ஒன்று தினமும் போடுவது. மற்றது பழையது, இடது பக்கக் கம்பி தளர்ந்து கறுப்பு நூல் சுற்றியது. போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். இரண்டும் அங்கேயே இருக்கின்றன. தினமும் போடுவது தலைமாட்டில், அவள் எப்போதும் வைப்பதுபோல் கம்பிகளை மடித்து, கண்ணாடி மேலே பார்க்க வைத்தபடி இருந்தது. இரவு 11 மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள் என்கிறார். எதைக் கொண்டு பார்த்துப் படியிறங்கினாள்?

அவள் எனக்கு எழுத்தில் செய்தி அனுப்பியதே கிடையாது. கண்ணுக்குச் சிரமம் என்பதால் எல்லாமே குரல் பதிவுதான். இந்த 19 நாளில் அவள் எண்ணிலிருந்து நான்கு செய்திகள் வந்தன. நான்கும் எழுத்து. பிழையே இல்லாத எழுத்து. "தங்கச்சி, என்னைத் தேட வேண்டாம்" என்று ஒன்று. அவள் என்னைக் குட்டி என்றுதான் கூப்பிடுவாள், எனக்கு 31 வயதான பிறகும். "ஒரு வார்த்தை பேசி அனுப்பு" என்று கேட்டேன். "பேசும் நிலையில் இல்லை" என்று பதில் வந்தது. அதோடு தொலைபேசியும் அணைந்துவிட்டது.

அத்தான் பேசும்போது, "அவளுக்கு மகன் என்றால் உயிராக இருந்தது" என்றார். இருந்தது. அந்த ஒரு சொல் இரண்டு நாளாகக் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஆறு வயது மகனை விட்டுவிட்டு அவள் ஓர் இரவு வெளியே தங்கியதில்லை. அந்தக் குழந்தை என் மடியில் உட்கார்ந்து, "அப்பா ராத்திரி விரிப்பைச் சுருட்டினார்" என்றான். முன்னறையில் கிடந்த தரைவிரிப்பு இப்போது இல்லை. கேட்டதற்கு, பழசாகிவிட்டது, போட்டுவிட்டேன் என்றார்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. போவதற்குப் பத்து நாள் முன்பு அக்கா என்னிடம், "அடுத்த மாதம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய்விடப் போகிறேன், அம்மாவிடம்கூடச் சொல்லாதே" என்றாள். இதைச் சொன்னால், "பார், அவளே போகத்தான் இருந்தாள்" என்று அத்தான் பக்கம் சாய்ந்துவிடுமோ என்று பயந்து வாய் திறக்கவில்லை.

அம்மா வேண்டாம் என்கிறாள். "நாளைக்கு அவள் திரும்பி வந்தால், புருஷனைக் கொலைகாரன் என்று எழுதிக் கொடுத்த உன் முகத்தில் விழிப்பாளா?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சந்தேகத்தை எழுத்தில் கொடுப்பது சரியா? ஒரு மாத்திரை அட்டையை அங்கிருந்து எடுத்து வந்திருக்கிறேன், அக்காவின் தைராய்டு மாத்திரை. அது உதவுமா? இன்னும் அவரை "அவர்" என்றுதான் எழுதுகிறேன். கை மாற மாட்டேன் என்கிறது.

பழைய வழக்கறிஞர்:

அம்மா, எழுதிக் கொடுங்கள். இன்றே கொடுங்கள்.

"கொலை செய்தார்" என்று எழுத வேண்டாம். கண்டதையும் கேட்டதையும் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். இரண்டு கண்ணாடியும் எங்கே இருந்தன, செய்திகள் எந்த நாள் எந்த நேரம் வந்தன, விரிப்பைப் பற்றி அவர் சொன்ன பதில் என்ன. கடைசியில், "என் சகோதரியின் உயிருக்குத் தீங்கு நேர்ந்திருக்கலாம் என்று அஞ்சுகிறேன்" என்ற ஒரு வரி போதும். அது பழி சுமத்துவது ஆகாது. "இருந்தது" என்ற சொல்லையும் குறித்து வையுங்கள், ஆனால் முன்னால் வைக்காதீர்கள். அதிர்ச்சியில் இருப்பவர்கள் எப்படியும் பேசுவார்கள். கண்ணாடி அப்படியல்ல.

அக்கா தனியாகப் போக நினைத்ததை மறைக்காதீர்கள். அது அவர் பக்கம் சாயும் என்று நினைக்கிறீர்கள். இத்தகைய வழக்குகளைப் பார்த்தவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பிரிட்டனின் குற்றவியல் ஆய்வாளர் ஜேன் மாங்க்டன் ஸ்மித், துணைவரால் நிகழ்ந்த 372 கொலைகளை ஆராய்ந்து 2019-இல் எட்டுக் கட்டங்களாக வகுத்தார். கட்டுப்படுத்தும் உறவில் அந்தக் கட்டுப்பாடு கைநழுவும் தருணம், பெரும்பாலும் பெண் பிரிந்து போக முடிவெடுக்கும்போது, ஆபத்து கூடுகிறது என்பது அதில் முக்கியமான கண்டுபிடிப்பு. மேலும், அவள் சொன்னது "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, அடுத்த மாதம்". நடந்தது பிள்ளை இல்லாமல், இந்த மாதம். இரண்டும் ஒன்றல்ல.

உடல் கிடைக்காமல் ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது சொல்வார்கள். தவறு. சிட்னியில் லினெட் டாசன் என்ற இரண்டு குழந்தைகளின் தாய் 1982 ஜனவரியில் காணாமல் போனார். கணவர் கிறிஸ் டாசன் ஆறு வாரம் கழித்தே புகார் கொடுத்தார். தனக்கு அவகாசம் வேண்டும் என்று மனைவி தொலைபேசியில் சொன்னதாகக் கூறினார். 2001, 2003 ஆண்டுகளில் நடந்த மரண விசாரணைகள் இரண்டும் அவர்மீது வழக்குத் தொடரப் பரிந்துரைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. 2022 ஆகஸ்டில்தான் குற்றவாளி எனத் தீர்ப்பானது, 24 ஆண்டு சிறை. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தக் குடும்பம் 40 ஆண்டு காத்திருந்தது. "அவளாகவே போனாள்" என்பதும் ஒரு கூற்றுதான். அதற்கும் ஆதாரம் கேட்க வேண்டும் என்று தொடக்கத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

மாத்திரை அட்டையை எடுத்தது தவறு, ஆனால் பெரிய தவறு அல்ல. ஒரு காகித உறையில் போட்டு, எங்கிருந்து, எந்த நாள், யார் முன்னிலையில் எடுத்தீர்கள் என்று எழுதி ஒப்படையுங்கள். இனி அங்கே எதையும் தொடாதீர்கள், துடைக்காதீர்கள்.

கரையோரம்:

பெரியவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நான் மறுபக்கத்தில் இருந்தவள்.

நானும் ஒருநாள் இரவில் வீட்டை விட்டுப் போனவள். ஐந்து மாதம் யாருக்கும் தெரியாமல் வாழ்ந்தேன். என் தம்பி பாசத்தில் என் படத்தை ஊரெங்கும் பரப்பினான், அதைப் பார்த்த ஒருவர் என் கணவருக்கு இடத்தைச் சொல்லிவிட்டார். அதன் பிறகு நடந்ததை இங்கே எழுத மாட்டேன். அதனால் முதலில் கேட்டுக்கொள்கிறேன்: படம், தொலைபேசி எண், "பார்த்தால் சொல்லுங்கள்" என்ற அறிவிப்பு எதையும் நீங்களாகப் பொதுவில் போடாதீர்கள். காவல்துறையோடு பேசிவிட்டுச் செய்யுங்கள்.

உங்கள் அம்மாவின் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். புகாரில் நீங்கள் கேட்க வேண்டியது, "அதிகாரி ஒருவர் என் அக்காவை நேரில் பார்த்து, நலமாக இருக்கிறாள் என்று உறுதி செய்யுங்கள்" என்பது. வயது வந்த ஒருவர் தன் இருப்பிடத்தைச் சொல்ல வேண்டாம் என்றால், பல நாடுகளில் காவல்துறை குடும்பத்திடமும் அதைச் சொல்வதில்லை, நலம் என்று மட்டும் சொல்லும். அவள் எங்காவது ஒளிந்திருந்தால் அந்த ஒரு வார்த்தை உங்களுக்குப் போதும், அவளுக்கும் தீங்கில்லை. என்னை யாராவது அப்படித் தேடியிருந்தால் நான் கோபித்திருக்க மாட்டேன். என் தங்கைக்கு நான் உயிரோடு இருப்பது தெரியட்டும் என்றுதான் நினைத்திருப்பேன்.

ஆனால் உள்ளதைச் சொல்கிறேன். நான் கிளம்பியபோது செருப்பை மறந்தேன், பணப்பையை மறந்தேன். மகளை மறக்கவில்லை.

வடக்குச்சாளரம்:

தரைவிரிப்பு என்று படித்ததும் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1986 நவம்பரில் ஹெல்லி கிராஃப்ட்ஸ் என்ற விமானப் பணிப்பெண் காணாமல் போனார். விவாகரத்து கேட்டிருந்தவர். தனக்கு ஏதாவது நேர்ந்தால் அதை விபத்து என்று நம்பிவிட வேண்டாம் எனத் தோழிகளிடம் சொல்லி வைத்திருந்தார். கணவரோ ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கதை சொன்னார். வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண் விரிப்பில் ஒரு கரிய கறையைப் பார்த்திருந்தாள், பிறகு அந்த விரிப்பே இல்லை. கணவரின் கடன் அட்டைக் கணக்கில் புதிய படுக்கை விரிப்புகள், உறைபெட்டி, மரம் அரைக்கும் இயந்திரத்துக்கு வாடகை எல்லாம் வரிசையாக வந்தன. ஆற்றங்கரையில் கிடைத்தவை எலும்புத் துணுக்குகள், பல்லின் ஒரு பகுதி, நகத்தின் ஒரு பகுதி, முடி. முதல் விசாரணையில் ஜூரிகள் ஒருமனதாகாததால் வழக்கு மறுபடி நடந்து, 1989-இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்தத் தோழிகள் விடாமல் நச்சரித்ததும் வழக்கு நகர ஒரு காரணம்.

செய்திகளைப் பொறுத்தவரை டேராடூன் வழக்கைப் பாருங்கள். 2010 அக்டோபரில் அனுபமா குலாட்டியைக் கொன்ற கணவர், அவருடைய மின்னஞ்சல் கணக்கிலிருந்தே குடும்பத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். சந்தேகப்பட்ட சகோதரர் டிசம்பரில் நேரில் வந்து நின்ற பிறகே எல்லாம் வெளிப்பட்டது. எழுத்தை யாரும் எழுதலாம். உங்கள் தொலைபேசியில் உள்ள நான்கு செய்திகளை அழிக்காதீர்கள், படம் எடுத்து வைத்தாலும் அந்தத் தொலைபேசியையே மாற்றாமல் வைத்திருங்கள். அக்காவின் பழைய குரல் பதிவுகளும் முக்கியம், அவள் எப்படிப் பேசுவாள், உங்களை எப்படி அழைப்பாள் என்பதற்கு அவைதான் சாட்சி.

இன்னொன்று, அவசரம். தெருக் கேமராப் பதிவுகள் சில வாரங்களில் தாமாக அழிந்துவிடும், மேலே புதியது பதிவாகிவிடும். 19 நாள் ஆகிவிட்டது. அந்த இரவின் பதிவுகளைப் பாதுகாக்கும்படி புகாரிலேயே தனி வரியாக எழுதுங்கள். அவள் தொலைபேசி அந்த நான்கு செய்திகளையும் எங்கிருந்து அனுப்பியது என்பதையும் கேளுங்கள்.

குழந்தையிடம் மறுபடி எதுவும் கேட்காதீர்கள், தயவுசெய்து. "அப்பா விரிப்பில் என்ன வைத்தார்?" என்று ஒரு தடவை கேட்டால் போதும், அவன் மனத்தில் புதிதாக ஒரு படம் உருவாகிவிடலாம். பயிற்சி பெற்றவர்கள் கேட்கட்டும். அவனாகச் சொன்ன வாக்கியத்தை மட்டும் அவன் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். அத்தானிடமும் நேரில் எதையும் கேட்க வேண்டாம். பிள்ளை இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறான்.

இளையவள்:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன்.

கரையோரம், உங்கள் பதிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். செருப்பு வரியில் நிறுத்தச் சொன்னாள். பிறகு நெடுநேரம் பேசவில்லை. இரவில் என்னை எழுப்பி, "அவளை யாராவது நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னால் போதும் என்று எழுது" என்றாள்.

மேலதிகாரி ஒருவரிடம் நேராகப் போனோம். முழுவதும் கேட்டார். தனியாகப் போகப்போவதாக அக்கா சொன்னதையும் சொன்னேன், அம்மா பக்கத்தில் இருக்கும்போதே. அம்மா என் கையை விடவில்லை. அதிகாரி மாத்திரை அட்டையை உறைக்குள் இருந்தபடியே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா மருந்து வாங்கிய நாளைப் பேனாவால் பின்பக்கம் எழுதி வைப்பாள். அந்த நாளிலிருந்து குழிகளை எண்ணினார். அவள் போனதாக அத்தான் சொல்லும் இரவுக்கு முந்தைய நாள் காலையோடு மாத்திரை நின்றிருக்கிறது. அதாவது, வீட்டில் இருந்ததாக அவர் சொல்லும் கடைசிப் பகலில் அவள் மாத்திரை போடவில்லை. ஒன்பது ஆண்டுகளாக ஒரு நாளும் விட்டதில்லை அவள். அதிகாரி இன்னொரு தடவை எண்ணிவிட்டு, உறையின் மேல் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான்கு செய்திகளும் எங்கிருந்து வந்தன என்று கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. நேற்று அந்த வீட்டைச் சோதனையிட்டார்கள். என்ன கிடைத்தது என்று எங்களிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளையை இப்போதைக்கு எங்களிடம் விட்டிருக்கிறார்கள். அவனிடம் நாங்கள் ஒன்றும் கேட்பதில்லை.

புகாரின் கீழே முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது அம்மாவுடையது.