புதுப்பிப்பு: மயக்கம் தெளிந்தபின் அசையாத அக்காவின் கால்

பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்ததும் அக்காவின் இடது கால் அசையவில்லை, எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் கோளாறு இல்லை என்று மூன்று வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். இப்போது காரணம் தெரிந்துவிட்டது: செயல்சார் நரம்பியல் கோளாறு. முன்பு கன்வர்ஷன் கோளாறு என்பார்கள்.

நரம்பியல் மருத்துவர் செய்த ஹூவர் சோதனையை அருகில் நின்று பார்த்தேன். இடது குதிகாலைக் கட்டிலில் அழுத்தச் சொன்னபோது பலமே இல்லை. வலது காலை அவர் கையால் தடுத்துக்கொண்டு தூக்கச் சொன்னதும், அதே இடது குதிகால் தானாகவே அழுத்தியது! நரம்பு அறுபடவில்லை, மூளை அதை இயக்கும் விதம்தான் தடம் மாறியிருக்கிறது. அக்கா அழுதுவிட்டாள்.

"நடிக்கிறாள்" என்று வார்டில் ஒருவர் சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இது நடிப்பே அல்ல. பிசியோதெரபி தொடங்கியிருக்கிறது. நேற்று வாக்கரைப் பிடித்தபடி வாசல்வரை வந்தாள்.