இலையுதிர் காலத்தில் ஆறு பேர் மலையேற்றம்: எங்கே தங்குவது?

கேள்வி:
நண்பர்கள் ஆறு பேர் அக்டோபர் கடைசியில் மலையேறப் போகிறோம். சனிக்கிழமை போய்ச் சேர்ந்து, ஞாயிறு ஏறி இறங்கி, திங்கள் காலை கிளம்புவதாகத் திட்டம். போக வர 15 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர். இரண்டு பேருக்கு இதுதான் முதல் மலை. இலைகள் நிறம் மாறி நிற்பதைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் வெகுநாள் ஆசை.

தங்க இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, பாதை தொடங்கும் இடத்திலேயே ஒரு மலைக்குடில். ஒரே பெரிய அறை, அடுக்குக் கட்டில்கள். இன்னொன்று நகரத்தில் ஒரு தனி வீடு. தலைக்குக் கணக்குப் பார்த்தால் வீடுதான் மலிவு, ஆனால் அங்கிருந்து மலைக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். எங்களில் சிலருக்குப் பண நெருக்கடி. எதை எடுப்பது?

பதில் 1:
குடிலை எடுங்கள். இந்தப் பருவத்தில் பணத்தைவிட வெளிச்சத்துக்குத்தான் தட்டுப்பாடு. செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும். அதன் பிறகு பகல் சுருங்கிக்கொண்டே போகும். மலையில் இன்னும் மோசம். மேற்கே ஒரு முகடு இருந்தால், சூரியன் அதன் பின்னால் போனதுமே பள்ளத்தாக்கில் நிழல் விழுந்து குளிர ஆரம்பித்துவிடும்.

உங்கள் பாதைக்கே கணக்குப் போடுவோம். ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் உதவும்: சுமார் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். உங்களுக்கு மூன்றும் ஒன்றரையும் சேர்த்து நாலரை மணி நேரம். ஆனால் அது பழகிய கால்கள் நிற்காமல் நடந்தால். புதியவர்கள், சாப்பாடு, படம் எடுப்பது எல்லாம் சேர்த்து ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் தங்கினால் போக வர இன்னும் மூன்று மணி நேரம், அதுவும் களைத்துப்போனவர் ஒருவர் இருட்டில் வண்டி ஓட்டியாக வேண்டும். எரிபொருள் செலவையும் சேர்த்துப் பாருங்கள், அந்த மலிவு எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரியும்.

இன்னொன்று: எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை முந்தின இரவே ஆறு பேரும் பேசி முடிவு செய்துவிடுங்கள். உச்சி கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்ப வேண்டும். உச்சிக்குப் பக்கத்தில் நின்று இதைப் பேச ஆரம்பித்தால் யாரும் திரும்ப மாட்டார்கள்.

பதில் 2:
குடில்தான் சரி. ஆனால் பணம் கட்டும் முன் போனில் கூப்பிட்டுக் கேளுங்கள். பல மலைக்குடில்கள் கோடை முடிந்ததும் மூடிவிடும். போர்வை அங்கே கிடைக்குமா, படுக்கை உறை நாம் கொண்டுபோக வேண்டுமா, சூடேற்றத்துக்குத் தனிக் கட்டணமா, ஈரத் துணி காயவைக்க இடம் உண்டா, இரவு எத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும்? சமையலறையைப் பயன்படுத்த விட்டால் சாப்பாட்டுச் செலவு பாதியாகக் குறையும். படுக்கைக் கணக்கில் பதிவு செய்தால், ஒருவர் வராமல் போனாலும் அவர் பங்கு மற்றவர்கள் தலையில் விழாது.

பதில் 3:
குளிரை மறந்துவிடாதீர்கள். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். கீழே 14 டிகிரி என்றால் உங்கள் உச்சியில் 8 டிகிரிதான் இருக்கும், காற்றடித்தால் இன்னும் குறைவாகத் தோன்றும். பருத்திச் சட்டை வேண்டாம். வியர்வையில் நனைந்தால் சீக்கிரம் காயாது, உடம்பு சில்லிட்டுப்போகும். உதிர்ந்த இலைகள் ஈரமாக இருந்தால் வழுக்கும், அடியில் இருக்கும் கல்லும் வேரும் கண்ணுக்குத் தெரியாது. ஆளுக்கொரு தலைவிளக்கு கட்டாயம். ஒரு விசிலும் வைத்துக்கொள்ளுங்கள்: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதினால் உதவி கேட்பதாக அர்த்தம்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. குடிலுக்குப் பேசிவிட்டேன், நாங்கள் போகும் வாரம் திறந்திருக்குமாம், சமையலறையும் உண்டு. படுக்கை உறை மட்டும் நாங்கள் கொண்டுபோக வேண்டும். திரும்பும் நேரம் மதியம் 12 என்று வைத்தால் சரியா? காலை 7 மணிக்குக் கிளம்புவோம்.

பதில் 1:
சரியாக இருக்கும். அந்த இரண்டு புதியவர்களில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், மற்றவர்கள் அவர் வேகத்துக்கே நடக்கட்டும். அப்புறம், குடிலில் இருப்பவரிடம் எந்தப் பாதையில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.