ஹெட்ரூமுக்கு ஒரு சொல்: ஏறுவெளி

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒலிப்பதிவில் சிக்னல் வழக்கமாக ஓடும் மட்டத்துக்கும் அதன் உச்சவரம்புக்கும் இடையில் விட்டுவைக்கும் இடத்தை ஹெட்ரூம் (headroom) என்கிறோம். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவில் இதுவரை தலையிடம், முகட்டிடைவெளி, பாதுகாப்பு இடைவெளி என்ற மூன்று சொற்கள் வந்துள்ளன. நான் ஏறுவெளி என்ற சொல்லை முன்வைக்கிறேன். கடலூர்ப் பக்கம் தெருக்கூத்தும் கோயில் மேளமும் பதிவு செய்கிறவன் நான். களத்தில் அவசரமாகச் சொன்னாலும் பக்கத்தில் நிற்பவருக்குப் புரியும் சொல்தான் எனக்கு வேண்டும்.

முதலில் சொல் எதைச் சுமக்க வேண்டும் என்று பார்ப்போம். மைக்கிலிருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவியான ஆடியோ இன்டர்ஃபேஸில் உள்ள கெயின் (gain) குமிழைத் திருப்பி அதைப் பெருக்குகிறோம். பெருக்கிய சிக்னல்தான் எண்களாக மாறுகிறது. அப்படி மாற்றும் பகுதிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. மீட்டரில் 0 டெசிபல் என்று தெரிவது அதுதான். அதற்கு மேல் எழுதிவைக்க எண்ணே கிடையாது. அதனால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டு, கரகரவென்று கேட்கிறது. பிறகு கணினியில் ஒலி மட்டத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் வெட்டுப்பட்ட பகுதி திரும்பாது. சிதைந்த ஒலி கொஞ்சம் மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான். ஹெட்போன் குமிழைக் குறைப்பதும் உதவாது. அது நம் காதுக்கு வருவதை மட்டுமே மாற்றும்.

ஆகவே வழக்கமாக ஓடும் மட்டத்துக்கும் அந்த 0-வுக்கும் இடையில் கொஞ்சம் இடம் விட்டுவைக்கிறோம். அதைக் காலி இடம் என்று சொல்லிவிட முடியாது. கலைஞர் இன்னும் எழும்பப் போகிறார் என்று தெரிந்தே விடும் இடம் அது. கூத்தில் கட்டியங்காரன் சோதனைக்காக மைக் முன் பேசும் குரலும், ஆட்டத்தில் திரையை விலக்கிக்கொண்டு வரும்போது எடுக்கும் குரலும் ஒன்றா என்ன? முகவீணை வாசிப்பவரும் அப்படித்தான், சபை கூடிய பிறகுதான் முழு மூச்சைக் கொடுப்பார். தவிலில் இன்னொரு சிக்கல். ஒவ்வொரு அடியும் ஒரு நொடியின் சிறு துணுக்கில் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். சராசரியைக் காட்டும் மீட்டரில் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத் தெரியும், பதிவில் அடிதோறும் வெட்டு விழுந்திருக்கும். அதனால் உச்சம் காட்டும் மீட்டரையே பார்க்க வேண்டும். "கொஞ்சம் பேசுங்க" என்று கேட்பதைவிட, "ராத்திரி பாடப் போற உச்ச இடத்தைப் பாடிக் காட்டுங்கண்ணே" என்று கேட்டுக் கெயின் வைப்பது நல்லது. அப்போதும் உச்சம் மைனஸ் 12 டெசிபலை, அதாவது 0-வுக்கு 12 டெசிபல் கீழே உள்ள மட்டத்தை, ஒட்டி நின்றால் போதும் என்பேன்.

பழைய நாடா காலத்தில் இவ்வளவு இடம் விட்டால் நாடாவின் இரைச்சல் மேலே வந்துவிடும். அதனால் முடிந்தவரை உயர்த்தியே பதிந்தார்கள், அந்தப் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. இன்று அதற்குத் தேவை இல்லை. சிக்னலை எண்ணாக எழுதும் ஒவ்வொரு பிட்டுக்கும் சுமார் 6 டெசிபல் என்ற கணக்கில் 16 பிட்டுக்கு 96, 24 பிட்டுக்கு 144 டெசிபல் வீச்செல்லை, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் உச்சத்துக்கும் இடையிலான அளவு, கிடைக்கிறது. கருவிகள் நடைமுறையில் அந்த 144-ஐ எட்டுவதில்லை என்றாலும், 12 டெசிபலை விட்டுக்கொடுப்பதால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

சரி, சொற்களுக்கு வருவோம். தலையிடம் என்று வேகமாக வாசித்தால் தலைமையிடம் என்று கண் படித்துவிடுகிறது. மாவட்டத் தலைநகரில் இருக்கும் எங்களுக்கு அது இன்னும் குழப்பம். தவிர, தலைக்கு இதில் என்ன வேலை? முகட்டிடைவெளி கேட்க அழகான சொல்தான். ஆனால் பள்ளி அறிவியலில் அலையின் மேடு முகடு, பள்ளம் அகடு. அதைப் படித்த பிள்ளை முகட்டிடைவெளி என்றதும் இரண்டு முகடுகளுக்கு இடையிலான தூரம், அதாவது அலைநீளம் என்றே எண்ணும். வேறொரு பொருளுக்கு இவ்வளவு பொருத்தமாக இருக்கும் சொல்லை இங்கே வைக்கக் கூடாது. பாதுகாப்பு இடைவெளியில் பிழை இல்லை, ஆனால் எதிலிருந்து எதற்கு என்பதை அது சொல்லவே இல்லை.

ஏறுவெளி என்பது வினைத்தொகை. ஏறிய வெளி, ஏறுகின்ற வெளி, ஏறும் வெளி என்று மூன்று காலமும் அதில் அடங்கும். எந்தத் திசையில் வெளி என்பதையும் சொல்லிவிடுகிறது. வீராணம் ஏரியின் முழு மட்டம் 47.50 அடி என்று எங்கள் மாவட்டத்தில் எல்லோரும் அறிவார்கள். கரையின் மேல்விளிம்பு அதற்கும் உயரத்தில் இருக்கிறது. காற்றடித்து அலை எழும்பினால் ஏறுவதற்கென்று விட்ட அந்த உயரத்துக்கும் இச்சொல் அப்படியே பொருந்துகிறது. வாக்கியத்தில் போட்டும் பாருங்கள்: "ஏறுவெளி பத்தலை, கெயினைக் குறை." "தவிலுக்கு இன்னும் 6 டெசிபல் ஏறுவெளி வை." நாக்கில் தடங்கவில்லை.

புதுச்சேரி நண்பர் ஒருவர், ஏறு என்றால் காளை, ஏறுதழுவல் நடக்கும் திடல் என்று படிக்க மாட்டார்களா என்று தனி மடலில் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கணக்குப் பாடத்தின் ஏறுவரிசையையோ நாளிதழின் ஏறுமுகத்தையோ யாரும் காளையோடு சேர்த்துப் படிப்பதில்லை. ஏறுவெளியும் அந்த வரிசையில் உட்கார்ந்துவிடும்.

கெயினுக்குப் பெருக்கம் என்ற பாடநூல் சொல்லே இருக்கட்டும். ஒலியளவு என்று மட்டும் எழுத வேண்டாம், அது ஸ்பீக்கர் பக்கத்துக் குமிழ்.

இனி முடிவு செய்ய வேண்டியது கிளிப்பிங் (clipping), அதாவது அலை வெட்டுப்படுவதற்கான சொல். முகடுவெட்டு என்று குழுவில் முன்பு எழுதியிருந்தார்கள். உச்சவரம்பைத் தாண்டும்போது அகடும் அதே போல வெட்டுப்படுவதால் அது பாதியைத்தான் சொல்கிறது. வீச்சு என்ற சொல் இரண்டு பக்கத்தையும் குறிக்கும் என்பதால் வீச்சுவெட்டு எனலாமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.