ஒளி குறைந்தால் சமிக்ஞை குறைந்ததாகுமா? லூசிஃபெரேஸ் கலங்களுடன் நம்மவர் அனுபவங்கள்

உப்புவெளிப் பெண்:
டி.என்.எஃப்-ஆல்ஃபா என்ற சைட்டோகைன் (கலங்களிடையே செய்தி கடத்தும் புரதம்) கலத்தினுள் என்.எஃப்-கப்பா-பி என்ற அழற்சிப் பாதையை இயக்கும். அந்தப் பாதை இயங்கும்போது மின்மினியின் ஒளி நொதியமான லூசிஃபெரேஸை உருவாக்கும்படி மாற்றப்பட்டவையே ரிப்போர்ட்டர் கலங்கள்; லூசிஃபெரின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் அந்த நொதியம் ஒளிரும். காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்கும் நிலவேம்பை அம்மா ஊரிலிருந்து காயவைத்து அனுப்பியிருந்தார். அதன் சாற்றை முதலில் கொடுத்து, பிறகு டி.என்.எஃப் சேர்த்தபோது ஒளி அடிமட்டத்துக்கு இறங்கியது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். பேராசிரியர் மட்டும், டி.என்.எஃப் மட்டுமே பெற்ற கலங்களை உடைத்து, அந்தக் கலச்சாற்றில் நிலவேம்புச் சாற்றை நேரே விட்டபின் லூசிஃபெரினைச் சேர்க்கச் சொன்னார். உடைந்த கலத்தில் சமிக்ஞை ஏது? ஏற்கெனவே உருவான நொதியம்தான் இருக்கிறது. இருந்தும் ஒளியை அளக்கும் லுமினோமீற்றர் திரையில் எண்கள் வரிசை வரிசையாகச் சரிந்தன. சாறு அடக்கியது அழற்சியையா, மின்மினியின் நொதியத்தையா? அத்துடன் ஆய்வு கைவிடப்பட்டது. கேள்வி மட்டும் என்னை விட்டபாடில்லை.

மூதூரான்:
அக்கா, கைவிட்டது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. நிலவேம்பிலுள்ள அன்ட்ரோகிரபோலைட், என்.எஃப்-கப்பா-பியின் ஒரு பகுதியான பி50 புரதத்தின் 62ஆம் அமினோ அமிலமான சிஸ்டீனுடன் பிணைந்து, அது டி.என்.ஏ.யைப் பற்றவிடாமல் தடுக்கிறது என்பது முன்பே காட்டப்பட்ட விடயம். நொதியத்தைத் தடுப்பதும் பாதையைத் தடுப்பதும் ஒரே சாற்றில் சேர்ந்தே இருக்கலாம். உங்கள் பேராசிரியரின் சோதனை முதலாவதைக் காட்டியதே தவிர இரண்டாவதை மறுக்கவில்லை.

என்னை உறுத்துவது வேறு. டி.என்.எஃப் கொடுத்துச் சில நிமிடங்களில், அந்தப் பாதையை அடக்கிவைக்கும் ஐ-கப்பா-பி-ஆல்ஃபா புரதம் சிதைகிறது. அதே பாதை அதன் பரம்பரையலகையும் தூண்டுவதால், ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் புதிதாக உருவாகித் திரும்புகிறது. புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளொட்டில் அந்தப் பட்டை மீண்டும் தோன்றிய நேரத்துக்குப் பிறகும், ரிப்போர்ட்டர் கலங்களின் ஒளி ஏறிக்கொண்டே இருந்தது. லூசிஃபெரேஸ் கலத்துக்குள் மணிக்கணக்கில் நிலைத்திருப்பதால், அதுவரை நடந்ததன் கூட்டுத்தொகையையே நாம் வாசிக்கிறோம்.

கோணேசபுரியில் சித்த மருத்துவம் பயின்றவர்:
எங்கள் மூலிகைச் சாறு டி.எச்.பி-1 என்ற மனித வெண்குருதி ரிப்போர்ட்டர் கலங்களில் எந்தச் சைட்டோகைனும் இல்லாமலேயே ஒளியை ஏற்றியது. பக்டீரியாக்களின் சுவர்நச்சைப் பற்றி முடக்கும் பொலிமிக்சின்-பி சேர்த்தவுடன் அந்த ஒளி அடங்கியது. தூண்டியது மூலிகையன்று, இலைத்தூளோடு வந்த பக்டீரியாக்களின் எண்டோடொக்சின் என்ற அந்தச் சுவர்நச்சு. உப்புவெளித் தங்கச்சி பயன்படுத்திய எச்.இ.கே-293 என்ற மனிதச் சிறுநீரகக் கலங்களில் அதை உணரும் டி.எல்.ஆர்-4 என்ற வாங்கி இல்லாததால், அவர் தட்டில் இது தெரிந்திராது.

ஆகவே இருவருக்கும் சொல்வது: நாட்டு மருந்தை இந்தக் கலங்களில் சோதிப்பவர்கள் எண்டோடொக்சினை அளந்த பிறகே தொடங்குங்கள். சாறு மட்டும் விட்ட குழிகளை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். மின்மினி நொதியத்துக்குக் கலத்தின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. தேவை, கலங்கள் இறந்தாலும் ஒளி குறையும் என்பதால், உயிர்ப்பை, உயிருள்ள கலங்களில் நிறம் மாறும் ரெசசூரின் சாயம் போன்ற வேறொரு முறையால் பாருங்கள். நொதியத்தையே தடுக்கும் சாறாக இருந்தால், ஏ.டி.பி. வேண்டாத நானோலக் என்ற வேறோர் ஒளி நொதியம் கொண்ட கலங்களில் மீளச் செய்யுங்கள். ஆனால் அதற்கும் தனித் தடுப்பான்கள் உண்டு, உடைத்த கலச்சாற்றுச் சோதனை அங்கும் வேண்டும். தடுப்பான் என்றால் ஒளி குறையும் என்றும் எண்ணிவிடாதீர்கள். நொதியத்தைப் பற்றிக்கொண்டு அதன் சிதைவைத் தாமதப்படுத்தும் சில சேர்வைகள், உயிருள்ள கலத்தில் ஒளியைக் கூட்டவும் செய்கின்றன. மூதூர்த் தம்பி, நேரத்தைப் பிடிக்க விரும்பினால் புரதத்தின் சிதைவை விரைவுபடுத்தும் பெஸ்ற் என்ற அமினோ அமிலத் தொடர் இணைத்த, விரைவில் சிதையும் லூசிஃபெரேஸைப் பயன்படுத்துங்கள். ஒளி மங்கலாக இருக்கும், ஆயினும் பாதை அடங்குவதை அது நெருக்கமாகப் பின்தொடரும்.