காய்ச்சல் மூன்றாம் நாள், வீட்டில் சுகர் உள்ள அம்மா. வீட்டிலேயே பார்க்கலாமா?

அம்பை பக்கம்:
ஞாயிறு ராத்திரி ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்து படுத்தவன், திங்கள் காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. 102 டிகிரி, மேலெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, தடுமம், வறட்டு இருமல். மெடிக்கலில் சொன்னதும் நாலு கலர் மாத்திரையைத் தாளில் மடித்துக் கொடுத்தார்கள். ஒரு வேளை போட்டேன், வியர்த்து இறங்கியது, சாயங்காலம் மறுபடி ஏறிவிட்டது. ஊசி போட்டால்தான் கேட்கும் என்கிறார் அப்பா. என் கவலை அம்மாதான். 67 வயது, சுகர் உண்டு, எனக்குக் கஞ்சி வைத்துத் தருவதே அவர்கள்தான், இன்று காலையிலிருந்து அவர்களுக்கும் தொண்டை கரகரப்பு.

பாளையங்கோட்டை அக்கா:
தம்பி, முதலில் நீ தனி அறைக்குப் போ, ஜன்னலைத் திறந்து வை, வெளியே வந்தால் மாஸ்க் போடு. கஞ்சியை அப்பா வைக்கட்டும், ஒன்றும் குறைந்துவிடாது. அரிசிக் கஞ்சியும் காணத் துவையலும், மத்தியானம் நல்லமிளகு ரசம், இடையில் இளநீரோ ஓ.ஆர்.எஸ். தண்ணீரோ (பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்கணும், பாதி பாதியாக வேண்டாம்). சுக்குக் காப்பி தொண்டைக்கு இதமாக இருக்கும், ஆனால் அம்மாவுக்குக் கருப்பட்டி போட்டுக் கொடுத்துவிடாதே, கருப்பட்டியும் சுகரை ஏற்றத்தான் செய்யும். எங்கள் ஆச்சி கடைசி வரை இதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

பழைய மெடிக்கல்காரன்:
பதினோரு வருஷம் கடையில் நின்று இந்தச் செட்டைக் கட்டிக் கொடுத்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், அதைத் தூரப் போடுங்கள். பெரும்பாலும் ஒரு பாராசிட்டமால், ஒரு தடும மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், சில இடத்தில் ஸ்டீராய்டும் இருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஃப்ளூ (இன்ஃப்ளூயன்சா) காய்ச்சல் மாதிரி இருக்கிறது, அந்த வைரஸ் ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாது. தடும மாத்திரையிலேயே பாராசிட்டமால் கலந்திருந்தால், மேலே ஒரு டோலோ போடும்போது இரட்டை டோஸ் ஆகிவிடும். ஸ்டீராய்டு அம்மா வாயில் பட்டால் சுகர் எங்கேயோ போய் நிற்கும். உங்களுக்கு வெறும் பாராசிட்டமால் 650 போதும், ஆறு மணி நேரம் விட்டு, நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம், ஈரல் கோளாறு இருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஊசியும் அப்போதைக்குக் காய்ச்சலைத்தான் இறக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது.

அம்மா விஷயம் வேறு. 65 தாண்டி, சுகரும் இருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஓசெல்டாமிவிர் என்று ஃப்ளூ வைரஸுக்கே ஒரு மருந்து, நோய் தொடங்கி இரண்டு நாளைக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன், தேவையா என்று அவர் சொல்லட்டும்.

இன்னொன்று, இது ஐப்பசி மழை. 2012-இல் நம்ம திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு படுத்திய பாடு தெரியும்தானே? மூன்று நாள் காய்ச்சல் என்றால் ரத்தம் பாருங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை தொடவே கூடாது. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

முக்கூடல்காரன்:
நொச்சி இலை போட்டு வேது பிடித்தால் எல்லாம் சரியாகும் லே. ஆஸ்பத்திரிக்கு ஏன் அலையணும்?

பாளையங்கோட்டை அக்கா:
வேது மூக்கடைப்புக்கு நல்லதுதான், காய்ச்சலை விரட்டாது. அண்டாவைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வேலை மட்டும் வேண்டாம், என் மகன் தொடையில் கொட்டிய தழும்பு இன்னும் இருக்கிறது.

அம்பை பக்கம்:
அம்மாவைக் காட்டிவிட்டோம், மாத்திரை தொடங்கியாகிவிட்டது. எனக்கு ரத்தம் எடுத்தார்கள், டெங்கு இல்லை. அக்கா, குளிக்கலாமா? வேலைக்கு எப்போது போகலாம்?

பாளையங்கோட்டை அக்கா:
வெந்நீரில் குளி, ஒன்றும் ஆகாது. மாத்திரை போடாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லை என்றால் போகலாம். இருமலும் அசதியும் இரண்டு வாரம் இழுக்கும், அதற்குப் பயந்து மறுபடி மெடிக்கலுக்கு ஓடாதே. அப்பா வைத்த கஞ்சி எப்படி இருந்தது?

அம்பை பக்கம்:
உப்பே இல்லை அக்கா.