தம்பிக்கு டைப் 1 சர்க்கரை, இப்போது எஸ்எம்ஏ சிண்ட்ரோம் (இரண்டு ரத்தக்குழாய்களுக்கு நடுவில் குடல் நசுங்குவது) என்கிறார்கள்

கேள்வி:
தம்பி 14 வருடமாக இன்சுலின் போடுகிறான். ஒரு வருடமாகச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே வயிறு உப்பி, பச்சையாகப் பித்த வாந்தி. சர்க்கரையால் இரைப்பை மந்தமாகிவிட்டது என்று மாத்திரை கொடுத்தே காலம் போய்விட்டது, இதற்குள் 11 கிலோ இறங்கிவிட்டான். வலி வந்தால் இடதுபக்கம் சாய்ந்து முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு படுப்பான், மெல்ல அடங்கும். இப்போது சிடி ஆஞ்சியோவில் அந்த இரண்டு ரத்தக்குழாய்களுக்கு நடுவில் கோணம் 15 டிகிரி, இடைவெளி 5 மி.மீ. என்று வந்திருக்கிறது. உடனே ஆபரேஷன்தானா? சாப்பாட்டைக் கண்டாலே பயப்படுகிறான், பார்க்க முடியவில்லை.

பதில் 1:
அக்கா, அந்தப் படுக்கும் விதமும் பச்சை வாந்தியும் முதலிலேயே யோசிக்க வைத்திருக்க வேண்டும். மகாதமனிக்கும் அதிலிருந்து குடலுக்குக் கிளம்பும் எஸ்எம்ஏ தமனிக்கும் நடுவில்தான் முன்சிறுகுடல் போகிறது. சாதாரணமாக அந்தக் கோணம் 38 முதல் 65 டிகிரி வரை இருக்கும், அதை விரித்து வைத்திருப்பது அங்கே உள்ள கொழுப்பு மெத்தை. உடம்பு இளைத்தால் அது கரைந்து, குடல் நசுங்கி, வாந்தியால் இன்னும் இளைக்கிறது. அதனால் பெரும்பாலும் முதலில் எடையை ஏற்றப் பார்ப்பார்கள்: மூக்கு வழியாக, அடைப்பைத் தாண்டிக் குடலுக்குள் டியூப் வைத்து உணவு. அதில் தேறாவிட்டால்தான் குடலை இணைக்கும் ஆபரேஷன். ரொம்ப இளைத்தவருக்கு டியூப் உணவைத் திடீரென்று கூட்டக் கூடாது, பாஸ்பேட், பொட்டாசியம் இறங்கிவிடும், ரத்தத்தில் பார்த்துக்கொண்டேதான் ஏற்றுவார்கள்.

பதில் 2:
எனக்கும் டைப் 1, இதே பிரச்சினை. சாப்பிடுமுன் ஊசி போட்டு, சாப்பிட்டது வெளியே வந்து, ராத்திரி மீட்டரில் சர்க்கரை 48-க்கு இறங்கியதைப் பார்த்து நடுங்கியிருக்கிறேன். அப்புறம் டாக்டர், சாப்பாடு உள்ளே தங்கியபின் போடும்படி மாற்றிக் கொடுத்தார். ஆனால் சாப்பிடவில்லையே என்று நீண்டநேர இன்சுலினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வாந்தி நிற்காவிட்டால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலம்) பாருங்கள், இருந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. டியூப் உணவு தொடங்கும்போது இன்சுலின் கணக்கே மாறும், சர்க்கரை டாக்டரும் குடல் டாக்டரும் சேர்ந்து பேசியே ஆக வேண்டும்.

பதில் 3:
ஒன்று கேளுங்கள். அதே இடுக்கில்தான் இடது சிறுநீரகத்திலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரையும் போகிறது, அதுவும் நசுங்கினால் சிறுநீரில் ரத்தமோ புரதமோ வரும், இடது விலா வலிக்கும். புரதத்தைப் பார்த்ததும் சர்க்கரையால் கிட்னி போகிறது என்று முடிவுகட்டிவிடுவார்கள். அந்த சிடியிலேயே இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
ஆறு மாதமாகச் சிறுநீரில் புரதம் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது, கிட்னிக்கு மாத்திரையும் ஓடுகிறது. சரி, எல்லா ரிப்போர்ட்டையும் எடுத்து வைத்துவிட்டேன், நாளைக்கே போய் இதைத்தான் முதலில் கேட்பேன்.