வாரணவாசியில் ஒரு கடல்
(கைப்பேசிக் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்)

அகிலா: பெரியப்பா, அரியலூர் மாவட்டத்து வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டோம். பிள்ளைகள் நுழைந்ததிலிருந்து டைனோசர் எங்கே என்றே கேட்கிறார்கள்.

பெரியப்பா: கேட்கட்டும் அம்மா. முதலில் அவர்களை அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரின் படிவத்தின் முன்னால் நிறுத்து. கடாவின் கொம்பு போலச் சுருண்டிருக்கும்.

அகிலா: (படம்) இதுவா? நத்தை என்று எண்ணிக் கடந்துபோக இருந்தோம்.

பெரியப்பா: அதேதான்! நத்தை அல்ல, கணவாய் மீனுக்கு உறவு. ஓட்டுக்குள் வரிசையாக அறைகள். கடைசி அறையில்தான் உயிர் குடியிருந்தது. மற்றவற்றில் வாயு இருந்ததால் நீரில் மூழ்காமல் நீந்தியது. மேலே நெளிநெளியாகக் கோடுகள் தெரிகின்றனவா? அறைச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடங்கள் அவை. பிள்ளைகளிடம் காட்டு.

முரளி: அரியலூரில் கடலா, பெரியப்பா?

பெரியப்பா: ஆமாம் முரளி. 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில், இந்தப் பக்கமெல்லாம் கடல். சிமெண்ட் ஆலைகளுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லே அந்தக் கடலடிதான். கல்லங்குறிச்சிப் பாறையில் சிப்பிகள் அப்பிக் கிடக்கும்.

அத்தை: அண்ணா, குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்தது என்றார்களே?

பெரியப்பா: 2020இல் வந்த பரபரப்பு அது. பார்த்த வல்லுநர்கள் முட்டை அல்ல, அம்மோனைட் படிவக் கற்கள் என்றார்கள். ஆனால் அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் ராட்சத டைனோசர் எலும்புகள் உண்மையாகவே கிடைத்தன. 1987இல் புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் அந்த டைனோசருக்குப் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். அந்த எலும்புகள் பிறகு சிதைந்தே போயின. படங்களும் குறிப்புகளும்தான் மிச்சம். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. மண்ணிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, கெடாமல் காப்பாற்ற ஓர் இடம் வேண்டும். நீங்கள் நிற்கும் கட்டடம் அதற்குத்தான்.

அகிலா: சின்னவன் வழியில் ஒரு சிப்பிக்கல்லைப் பார்த்தான். வீட்டுக்கு எடுத்துவர வேண்டுமாம்.

பெரியப்பா: வேண்டாம் கண்ணா. படம் எடுத்துக்கொள், கல் அங்கேயே இருக்கட்டும். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் அதன் வயதைச் சொல்ல முடியும். அலமாரிக்கு வந்துவிட்டால் வெறும் கல்.

அகிலா: சரி என்று வைத்துவிட்டான்.

பெரியப்பா: நல்ல பிள்ளை! அப்படியே பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்குப் போய்க் கல்மரத்தையும் பாருங்கள். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அறிவித்தது. 18 மீட்டர் நீள அடிமரம், முழுவதும் கல். கடலுக்குள் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த மரம் அது.

முரளி: அக்கா, நான் பெரம்பலூரில்தான் இருக்கிறேன். நேராகச் சாத்தனூர் வந்துவிடுகிறேன். கிளம்பும்போது சொல்.